லாரியை இழுத்த கயிறு

புல்வெளியில் பீன்ஸ் கொட்டைகளை இறைத்துவிட்டுப் பையன்களைப் பொறுக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவன் கையிலும் வாய் குறுகிய பை. எத்தனை கொட்டை உள்ளே விழுந்தது என்று பொறுக்கியவனுக்கே தெரியாது. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, "இது இன்னார் பொறுக்கியது" என்று பெயர் சொல்லி, ஒவ்வொரு குவியலையும் சற்று நேரம் திரையில் காட்டினார்கள். எத்தனை இருக்கும் என்று கணிக்க வேண்டும். தன் அணிக்காரன் பொறுக்கியது என்றால் கொட்டைகள் அதிகமாகத் தெரிந்தன. எதிரணிக்காரன் பொறுக்கியது என்றால் குறைவாகத் தெரிந்தன. உண்மையில் திரையில் ஒவ்வொரு முறையும் காட்டப்பட்டது அதே 35 கொட்டைகள்தான்.

அந்தப் பையன்களுக்கு வயது ஏறக்குறைய பதினொன்று. சில வாரங்களுக்கு முன்புவரை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களிடையே பரம்பரைப் பகை இல்லை, சொத்துத் தகராறு இல்லை, மொழி வேறுபாடும் இல்லை. எல்லோருமே ஓக்லஹோமா நகரைச் சேர்ந்த வெள்ளையர்கள், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். பின்னால் சண்டை வந்தால் அதற்கு வேறு எதையும் காரணமாகக் காட்ட முடியாதபடி, ஒரே மாதிரியானவர்களாகத் தேடிப் பிடித்தார் ஆய்வாளர். 1954 கோடையில் ராபர்ஸ் கேவ் என்ற மலைக்காட்டுப் பூங்காவில் நடந்த அந்த முகாம், சமூக உளவியலில் அதிகம் பேசப்பட்ட, அதிகம் கேள்வி கேட்கப்பட்ட சோதனைகளுள் ஒன்று.

அதை நடத்திய முசாஃபர் ஷெரிஃப் துருக்கிக்காரர். இஸ்மிர் நகருக்கு அருகே ஒடெமிஷ் என்ற ஊரில் பிறந்தவர். 1919இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது அவர் இன்னும் சிறுவன். பக்கத்தில் நின்றவரைக் குத்திச் சாய்த்த சிப்பாய் அடுத்துத் தன்னைத்தான் குத்தப்போகிறான் என்று உறைந்து நின்றதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிப்பாய் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான். தலைமுறைகளாக ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் கொல்லத் துணிவது எப்படி என்ற கேள்வியைக் கடைசிவரை அவர் விடவில்லை. துருக்கியில் இனவெறிக் கொள்கைகளை எதிர்த்து எழுதியதால் 1944இல் சிறையையும் பார்த்தவர். அதன்பின் அமெரிக்கா சென்று, மனைவி கேரலின் வுட் ஷெரிஃபுடன் சேர்ந்து, அந்தக் கேள்வியைச் சிறுவர் முகாம்களுக்குக் கொண்டுபோனார்.

முகாமுக்கு வந்தவர்கள் 22 பேர். பதினொருவராகப் பிரித்து, இரண்டு பேருந்துகளில் கொண்டுவந்து, தனித்தனி இடத்தில் தங்கவைத்தார்கள். முதல் வாரம் முழுக்க இன்னொரு கூட்டம் இருப்பதே எந்தக் கூட்டத்துக்கும் தெரியாது. நீந்தினார்கள், கூடாரம் அடித்தார்கள், சேர்ந்து சமைத்தார்கள். தானாகவே தலைவர்கள் உருவானார்கள், பட்டப்பெயர்கள் முளைத்தன. ஒரு கூட்டம் ராட்லர்ஸ் என்றும் இன்னொன்று ஈகிள்ஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டது. பாம்பும் கழுகும். அடிபட்டாலும் அழாமல் முரட்டுத்தனமாக இருப்பது ராட்லர்ஸ் பையன்களுக்குப் பெருமை. கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது ஈகிள்ஸ் பையன்களுக்குப் பெருமை. ஒரே மாதிரித் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் சில நாளிலேயே இரண்டு வேறு 'பண்பாடு'களாகிவிட்டார்கள்.

அடுத்த கட்டம் போட்டி. பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று பல ஆட்டங்கள். வென்ற அணிக்குப் பதக்கமும் ஆளுக்கொரு பேனாக்கத்தியும் பரிசு. தோற்ற அணிக்கு ஒன்றும் கிடையாது. தோற்றுப்போன ஈகிள்ஸ் பையன்கள் ராட்லர்ஸ் கொடியை இறக்கி எரித்தார்கள். ராட்லர்ஸ் இரவில் ஈகிள்ஸ் குடிலுக்குள் புகுந்து கட்டில்களைக் கவிழ்த்தார்கள். எதிரணித் தலைவனின் ஜீன்ஸ் கால்சட்டையைக் கொண்டுபோய் அதையே கொடியாகப் பிடித்து ஊர்வலம் வந்தார்கள். சிலர் காலுறைக்குள் கல்லைப் போட்டுச் சுழற்றத் தயாராக வைத்திருந்தார்கள். எதிரணிப் பையன்கள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இந்த மூக்குப் பொத்தலைப் படிக்கிற எந்தத் தமிழ் வாசகரும் ஒரு நொடி நின்றுதான் கடப்பார். ஒரே சோப்பில் குளித்து, ஒரே சமையலைச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு எதிராளியிடம் நாற்றம் அடிக்கத் தொடங்க ஒரு போட்டி போதுமானதாக இருந்தது.

பகையைக் கிளப்புவது எளிது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஷெரிஃபின் சோதனையை நான் மதிப்பது அதன் இரண்டாம் பாதிக்காக. பகை முற்றியபின் அதைத் தணிக்க, எல்லோரும் முதலில் சொல்கிற வழியைத்தான் அவரும் முயன்றார். இரு அணியையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார். ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார், ஒரே கூடத்தில் சாப்பிடவைத்தார். பழகினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. நடந்தது என்னவென்றால், பையன்கள் உணவை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பக்கத்தில் வந்ததால் குறி தவறாமல் எறிய முடிந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் தண்ணீர் நின்றது. மலைமேல் இருந்த தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை ஆய்வாளர்களே தடுத்துவிட்டு, எங்கோ கோளாறு என்று மட்டும் சொன்னார்கள். வெயில், தாகம். இரு அணிகளும் குழாய்வழியே தேடிக்கொண்டு ஏறித் தொட்டியடியில் சந்தித்தன. குழாய் வாயில் சாக்குத்துணி அடைத்திருந்தது. ஆளாளுக்கு யோசனை சொல்லி, மாறி மாறிக் கைவைத்து அதை எடுத்தார்கள். தண்ணீர் பீறிட்டபோது, கையில் குடுவை இல்லாத ஈகிள்ஸ் பையன்கள் முதலில் குடிக்க ராட்லர்ஸ் வழிவிட்டார்கள்.

இதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன். சேர்ந்து தண்ணீர் கொண்டுவந்த பின்னும் சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை மீண்டும் வெடித்தது. ஒரு நல்ல காரியம் பகையை முடித்துவிடவில்லை. அடுத்தடுத்து வேறு தேவைகள் வந்தன. 'புதையல் தீவு' படத்தை வரவழைக்கப் பணம் போதவில்லை, இரு அணியும் பங்குபோட்டார்கள். உணவு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. ஒரு பையனுக்கு யோசனை தோன்றியது: கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டினார்கள். இப்போது இரண்டு அணியும் ஒரே பக்கம். லாரி நகர்ந்தது. அதன்பின் சாப்பாட்டு மேசையில் அணிக்கோடு மெல்ல மங்கியது. ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகவேண்டும் என்று பையன்களே கேட்டார்கள். வழியில் ஓரிடத்தில் நின்றபோது, பீன்ஸ் போட்டியில் ஜெயித்து வைத்திருந்த 5 டாலரைச் செலவழித்து, ராட்லர்ஸ் பையன்கள் இரு அணிக்குமே மால்ட் பால் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஷெரிஃப் இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு தெளிவானது. அருகில் இருப்பது மட்டும் போதாது. யாரும் தனியாகச் செய்துமுடிக்க முடியாத, எல்லோருக்கும் வேண்டிய வேலை ஒன்று வேண்டும். அதுவும் ஒருமுறை வந்து போனால் போதாது, திரும்பத் திரும்ப வரவேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு இருண்ட முன்கதை உண்டு. 1953இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவ் என்ற இடத்தில் இதேபோன்ற முகாமை ஷெரிஃப் நடத்தினார். அது பாதியிலேயே நின்றுபோனது. அங்கே பையன்கள் முதலில் எல்லோருடனும் கலந்து பழகிவிட்டார்கள், அதன்பின்தான் இரண்டு அணியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆய்வாளர்கள் திருட்டுத்தனமாகக் கூடாரத்தைச் சாய்த்துவிட்டு எதிரணிமேல் பழி விழும் என்று காத்திருந்தார்கள். பழி விழவில்லை. பையன்கள் பேசிப் பார்த்து, இது பெரியவர்கள் வேலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். ஜீனா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர், பழைய ஆவணங்களைக் கிளறியும், முதியவர்களாகிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடிச் சந்தித்தும் 2018இல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். தாங்கள் ஒரு சோதனையில் இருந்தோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. குழந்தைகளை அப்படி நடத்தியது தவறு, இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. ஆனால் மிடில் குரோவின் தோல்வி, ராபர்ஸ் கேவின் வெற்றியைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதலில் நண்பர்களாகிவிட்டவர்களை அணி பிரித்துப் பகையாக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. ராபர்ஸ் கேவில் பையன்களை முதல் நாளிலிருந்தே தனித்தனியாக வைத்ததன் காரணம் இங்கே விளங்குகிறது.

சரி, பதக்கமும் கத்தியும் இல்லாவிட்டால்? போட்டியே இல்லாத இடத்திலும் பாகுபாடு வருமா?

இதைக் கேட்டவர் ஆன்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் மூண்டது; பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். பிரெஞ்சுச் சிப்பாய் என்று கருதப்பட்டதால் உயிர் தப்பினார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் முடிந்திருக்கும். போர் முடிந்து திரும்பியபோது அவர் குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் உயிரோடு இல்லை. ஒரு மனிதனை எந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள் என்பதில் உயிரே தொங்குகிறது என்பதை அவர் வாழ்ந்து அறிந்தவர்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை அழைத்து, பால் க்ளே, வாசிலி காண்டின்ஸ்கி ஆகிய இருவரின் ஓவியங்களைப் பெயர் சொல்லாமல் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். பிறகு "நீ க்ளே குழு", "நீ காண்டின்ஸ்கி குழு" என்று ரகசியமாகச் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பிரிவு தற்செயலாகச் செய்யப்பட்டது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்த மாணவனுக்கும் தெரியாது. பின்னர் முகமறியாத இருவருக்கு, எண்களால் மட்டும் குறிக்கப்பட்டவர்களுக்கு, காசைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கு அதில் ஒரு பைசாவும் வராது. மாணவர்கள் தங்கள் குழுக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட வியப்பான ஒன்றும் நடந்தது: இரு குழுக்களும் நிறையப் பெறும்படி கொடுக்க வழி இருந்தபோதும், தன் குழுக்காரனுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவனைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்ற பங்கீட்டின் பக்கமே பலர் சாய்ந்தார்கள். 1970இல் வெளியான இந்த முடிவுகள் உளவியலாளர்களை உலுக்கின. ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டினாலே போதும், மனம் தராசைச் சாய்த்துவிடுகிறது.

இதற்கு மருந்து என்ன என்பது பற்றி ஷெரிஃபின் முகாம் நடந்த அதே 1954இல் ஒரு முக்கியமான புத்தகம் வந்திருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் கார்டன் ஆல்போர்ட், தப்பெண்ணம் குறித்து எழுதிய நூலில், வெவ்வேறு குழுக்களின் சந்திப்பு நல்லது செய்ய வேண்டுமென்றால் சில நிலைமைகள் வேண்டும் என்றார்: அங்கே இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். ஒரே வீட்டில் எசமானியும் வேலைக்காரியும் முப்பது வருடம் தினமும் சந்தித்துக்கொண்டாலும் தப்பெண்ணம் குறையாமல் போவது ஏன் என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அடிதடி மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை உதவிக்கு அழைத்தார்கள். அவரும் அவர் மாணவர்களும் வகுப்பில் அமர்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், ஆறேழு கைகள் உயர்கின்றன, ஒருவன் பதில் சொல்ல மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அடுத்தவன் தடுமாறினால் இவனுக்கு வாய்ப்பு. வகுப்பறையே ஒரு போட்டிக்களம். ஆரன்சன் பாடத்தை ஆறு துண்டாக்கினார். ஆறு பிள்ளைகள் கொண்ட கலப்புக் குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒருவரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், பிள்ளைப்பருவம் ஒருவனிடம், இளமைக்காலம் இன்னொருத்தியிடம். ஒவ்வொருவரும் தன் பகுதியைப் படித்து மற்ற ஐவருக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலும் உண்டு. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைக் கிண்டல் செய்தால் அந்தத் துண்டு கிடைக்காது. கொஞ்ச நாளில் கிண்டல் செய்தவர்களே பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து பாடத்தை வாங்கக் கற்றார்கள்.

இதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகள் கதை என்று ஒதுக்க முடியாதபடி, நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மாட் லோ என்ற பொருளாதார அறிஞர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைத் திரட்டினார். ஒரு பகுதியினர் ஒரு மாதம் கிரிக்கெட் லீக் ஆடினார்கள், மற்றவர்கள் ஒப்பீட்டுக்காக ஆடாமல் இருந்தார்கள். ஆடியவர்களில் யார் ஒரே சாதி அணி, யார் கலப்பு அணி, யாருக்கு யார் எதிரணி என்பதெல்லாம் குலுக்கல் முறையில் முடிவானது. கலப்பு அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதி நண்பர்கள் கூடினார்கள். அணிக்கு ஆள் எடுக்கும்போது தன் சாதிக்காரனுக்குக் காட்டும் சலுகை குறைந்தது. சாதி தாண்டிப் பொருள் மாற்றிக்கொள்வதிலும் தயக்கம் குறைந்தது. ஆனால் பிற சாதியாரை எதிரணியில் சந்தித்தவர்களிடம் விளைவு பெரும்பாலும் தலைகீழாக இருந்தது, உறவு குறைந்தது. மைதானமும் பந்தும் ஆட்டமும் ஒன்றுதான். தோளோடு தோள் நின்றானா, எதிரே நின்றானா என்பதே வேறுபாடு.

நம்பிக்கை அளவு மீறிவிடாமல் இருக்க இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஐஎஸ் படையால் விரட்டப்பட்ட ஈராக்கியக் கிறிஸ்தவர்களைச் சல்மா மூசா என்ற ஆய்வாளர் கால்பந்து அணிகளில் சேர்த்தார்: சிலருக்கு முழுக்கக் கிறிஸ்தவ அணி, சிலருக்கு முஸ்லிம்களும் கலந்த அணி. கலப்பு அணியில் ஆடியவர்கள், சிறந்த பண்பாளர் விருதுக்கு வேறு அணியிலிருந்த முஸ்லிம் ஆட்டக்காரருக்கு வாக்களிக்க முன்வந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களுடன் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகர உணவகத்துக்குப் போவதில் பெரிய மாற்றம் இல்லை. 2020இல் வந்த இந்த ஆய்வு சொல்வது: மைதானத்தில் வளரும் நட்பு மைதானத்துக்கு வெளியே தானாக நடந்துபோய்விடாது. தெரு, கடை, கல்யாணப் பந்தல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக முயற்சி வேண்டும்.

நம் பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் கயிறு தாஜ்ஃபெலின் பெயர்ச்சீட்டை நினைவூட்டுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. க்ளே, காண்டின்ஸ்கி என்ற சீட்டுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. கயிற்றின் நிறத்துக்குப் பின்னால் நிலம், கோயில், கிணறு, சுடுகாடு எல்லாம் இருக்கின்றன. ராட்லர்ஸும் ஈகிள்ஸும் சமமானவர்கள், அதனால் அவர்களுடையது இருதரப்புச் சண்டை. சாதியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அதை "இரு பிரிவினரிடையே மோதல்" என்று எழுதுவதே பொய்யில் முடியும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஷெரிஃபை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் தீங்குதான் மிஞ்சும். ஆல்போர்ட் சம நிலையை ஒரு நிபந்தனையாக வைத்ததன் கனம் இங்கேதான் தெரிகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்ற பரிந்துரையைச் சுற்றியே பேச்சு நடந்தது. வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்ற பரிந்துரை அவ்வளவு கவனம் பெறவில்லை. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் டெல்லியில் கௌதம் ராவ் செய்த ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அரசு விதியால் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க நேர்ந்த வசதியான தனியார் பள்ளிகளை அவர் ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் அதிகம் கொடுப்பவர்களாக, பாகுபாடு குறைந்தவர்களாக மாறியிருந்தார்கள். சில பள்ளிகளில் படிப்புக்குழுக்கள் பெயரின் அகரவரிசைப்படி பிரிக்கப்பட்டிருந்தன. பெயரெழுத்து தற்செயலாகக் கொண்டுவந்து சேர்த்த அந்த நேரடிப் பழக்கத்துக்கு மாற்றத்தில் பெரும்பங்கு இருந்தது.

கயிற்றை அவிழ்ப்பது காவல்துறையாலும் சுற்றறிக்கையாலும் முடியக்கூடியது. அடுத்த வேலை ஆசிரியர்களுடையது. ஆசிரியர்களே, அறிவியல் செய்முறைக்கும் ஆண்டுவிழா நாடகத்துக்கும் மைதானத்துக்கும் ஆள் பிரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். நீங்களே பிரியுங்கள், கலந்து பிரியுங்கள், ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலையாகக் கொடுங்கள். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அன்றைக்கே சாப்பாட்டு வரிசையில் சண்டை வந்தால் கைவிட்டுவிடாதீர்கள். ராபர்ஸ் கேவிலும் வந்தது. அடுத்த வாரமும் கொடுங்கள்.